சின்னப் பிள்ளைகளோடு ரிசோர்ட்டுக்கு ஏன் போனீர்கள் என்று கேட்டவர்களுக்கு



நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்காமலே கொமன்ட் போடுபவர்கள் எப்படியும் போடத்தான் போகிறீர்கள், அதற்கும் தடையில்லை.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் பாசிக்குடாவில் எடுத்த போட்டோ ஒன்றைப் போன கிழமை போட்டிருந்தோம். ரிசோர்ட் ஒன்றில் பகல் சாப்பாட்டு மேசை. மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு இரண்டு. இளையவனின் முகமெல்லாம் சோறு. அவ்வளவுதான் போட்டோ. அதற்கு வந்த கொமன்ட்களில் சிலதை அப்படியே தருகிறோம்.

"சின்னப் புள்ளைகள வச்சிக்கிட்டு இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் ஏன் போறீங்க ஸேர்? மத்தவங்களுக்கும் கரைச்சல்தானே."

"மூத்தம்மாட்ட உட்டுட்டுப் போயிருக்கலாமே."

"ரெண்டு வயசுப் புள்ளைக்கி பஃபே என்னத்துக்கு? காசுக்கு நட்டம்."

இன்பொக்ஸில் ஒருவர், "படிச்ச மனிசன், பொம்புளப் புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வெள்ளைக்காரன் இருக்கிற எடத்தில போய் சாப்பிடுறதா" என்று கேட்டிருந்தார்.

முதலில் சும்மா விட்டுவிடலாம் என்றுதான் இருந்தோம். பிறகு பார்த்தால், கேட்டவர்களில் பாதிப் பேர் எங்களிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புபவர்கள். கேள்வியும் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை. அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிலில் எங்களுக்கும் அடி இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது, ஹோட்டல்காரர்களுக்கும் இருக்கிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் ஊரிலிருந்து பாசிக்குடாவுக்கு வேனில் ஒரு மணித்தியாலம். ஏறாவூர், செங்கலடி, கிரான் தாண்டிப் போனால் வந்துவிடும். அந்தக் கடலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அலை இல்லை, ஆழம் இல்லை, வெகுதூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேல் தண்ணீர் வராது. சின்னப் பிள்ளைகளைக் காலை நனைக்க விடுவதற்கு இந்த நாட்டில் இதைவிட நல்ல கடல் குறைவு. போனோம், குளித்தோம், லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். கடலைப் பார்த்த மாதிரி ஒரு மேசை.

உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் இளையவன் கரண்டியால் பீங்கானில் தட்டத் தொடங்கினான். இரண்டு முறை சத்தம் போட்டான். அழவில்லை, சந்தோஷத்தில் போட்ட சத்தம்தான். சிறிது நேரத்தில் வெயிட்டர் தம்பி ஒருவர் வந்தார். முகத்தைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. எட்டாம் ஆண்டில் எங்களிடம் படித்த மாணவன். அவருக்கு எங்களைவிட வெட்கம்.

"ஸேர், இந்த மேசை புக்கிங்காம். மேனேஜர் சொல்றாரு, அங்கால குசினிப் பக்கம் இருக்கிற மேசைக்கு மாறட்டாம்."

எழும்பினோம். ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலையும் பையையும் எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போய் உட்கார்ந்தோம். நாங்கள் சாப்பிட்டு முடித்து வெளியே வரும் வரைக்கும் அந்தக் கடல் பக்க மேசையில் யாரும் வந்து உட்காரவில்லை.

மூத்தவள் கேட்டாள், "வாப்பா, நாம என்ன பிழை செஞ்ச?"

ஒரு பிழையும் செய்யவில்லை என்று சொன்னோம். பிழை செய்யாதவர்கள் ஏன் எழும்பிப் போனோம் என்று அவள் அடுத்துக் கேட்டிருந்தால் சொல்ல எங்களிடம் பதில் இருக்கவில்லை. நல்ல வேளை, ஐஸ்கிரீமைக் கண்டு மறந்துவிட்டாள்.

இனி கொமன்ட்களுக்கு வருவோம்.

மூத்தம்மாவிடம் விட்டிருக்கலாமே என்றவர்களுக்கு

மூத்தம்மாவும் எங்களோடுதான் வந்திருந்தா. போட்டோவைத் திரும்பப் பாருங்கள், ஓரத்தில் பாதித் தோள் தெரிகிறது. அவவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. வாழைச்சேனைக்கு எத்தனையோ தடவை கல்யாணம், மையித்து என்று போய் வந்திருக்கிறா. பாசிக்குடாக் கடலில் கால் நனைத்தது இதுதான் முதல் தடவை.

ஏன் அப்படி என்று யோசித்துப் பாருங்கள். அவவின் வயசுக் காலம் முழுக்க யுத்தம். எங்கள் சின்ன வயதிலும் யுத்தம்தான். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து அடித்தது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகுதான் அந்தப் பக்கம் ரிசோர்ட்கள் வரிசையாக வந்தன. எங்கள் தலைமுறைக்குப் பாசிக்குடா என்பது பெரியவர்களின் கதையில் வரும் ஒரு பெயர். குடும்பத்தோடு ஒரு ஹோட்டல் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி என்று எங்களுக்கு ஒருவரும் காட்டித் தரவில்லை, அதற்கு அவர்களுக்கும் சந்தர்ப்பம் இருக்கவில்லை. இந்தப் பிள்ளைகள்தான் நமது வீடுகளில் முதல் தலைமுறை. அவர்களையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்கள்.

மூத்தம்மா ஏழு பிள்ளைகளை வளர்த்து எடுத்தவ. அவவுக்கு ஓய்வு எப்போது? மருமகனும் மகளும் ஊர் சுற்றப் போகும்போது பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பதற்கா நாம் அவவை உம்மா என்று கூப்பிடுகிறோம்?

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. "சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதே" என்று சொல்வது கேட்பதற்கு நல்ல புத்திமதி மாதிரி இருக்கும். நடைமுறையில் அதன் அர்த்தம் என்ன? இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு எந்த உம்மா போவா? பால்குடி மறக்காத பிள்ளை. ஆகவே உம்மாவும் போக மாட்டா. பிள்ளை வரக்கூடாது என்றால் உம்மாவும் வரக்கூடாது என்றுதான் அர்த்தம். நமது வீடுகளில் ஒரு பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்றில் முதல் பிள்ளை. மூன்று நான்கு பிள்ளைகள் என்றால் முப்பத்தைந்து வரைக்கும் மடியில் ஒரு பிள்ளை இருக்கும். அந்தப் பதின்மூன்று வருஷமும் அவ எங்கேயும் போய்ச் சாப்பிடக்கூடாதா? வாப்பாமார் என்ன செய்கிறோம்? கூட்டாளிமாரோடு ஒரு வேன் பிடித்து அறுகம்பே போகிறோம், நுவரெலியா போகிறோம், போட்டோ போடுகிறோம். அதற்கு ஒருவரும் கொமன்ட் போட்டு "பிள்ளைகளை யாரிடம் விட்டுட்டு வந்தீங்க" என்று கேட்பதில்லை. எங்களிடமும் ஒரு நாளும் கேட்டதில்லை.

மார்க்கத்தை இழுத்தவர்களுக்கு

இன்பொக்ஸில் வந்தவருக்கு இது. உணவு ஹலாலா, மது பரிமாறும் இடம் தனியா, தொழ இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நமது கடமை. முதல் நாளே போன் பண்ணிக் கேட்டோம், கேட்ட பிறகுதான் போனோம். அதில் உங்களோடு எங்களுக்குப் பேதமில்லை. அப்படிப்பட்ட இடம் கிடைக்கவில்லை என்றால் கடற்கரையில் பாய் விரித்துப் பார்சலைப் பிரித்திருப்போம்.

ஆனால் பிள்ளை, பெண், மேசை என்று மார்க்கத்தைக் கொண்டுவந்தால், முழுவதையும் கொண்டுவாருங்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹிவஸல்லம் அவர்களின் வீட்டில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா என்ற சிறுவரின் சம்பவம் புஹாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. சாப்பாட்டுத் தட்டில் அவருடைய கை அங்கும் இங்கும் அலைந்தது. நமது மேசையில் இளையவனின் கை அலைவது மாதிரித்தான். அவரை எழுப்பி அனுப்பவில்லை. வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று யாரையும் கேட்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் சாப்பிடவும், தனக்கு முன்னால் உள்ளதை எடுத்துச் சாப்பிடவும் அங்கேயே, அந்தத் தட்டிலேயே கற்றுக் கொடுத்தார்கள். தொழுகையில் பிள்ளை அழும் சத்தம் கேட்டால் உம்மாவின் மனம் பதறும் என்று தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள். அந்த உம்மாவும் பிள்ளையும் பள்ளிவாசலுக்குள் இருந்ததால்தானே சத்தம் கேட்டது?

நமக்கும் இது புதிது இல்லை. சஹன் யாருடையது? ஒரு சஹனைச் சுற்றி நாலைந்து பேர் உட்காரும்போது நடுவில் ஒரு பிள்ளையும் இருக்கும். மறுபக்கம் இருக்கும் இறைச்சித் துண்டுக்குக் கை நீட்டினால் வாப்பா மெதுவாகக் கையைத் தட்டுவார். அதேநேரம் அந்தப் பெரிய துண்டை யாரோ ஒரு மாமா பிள்ளையின் பக்கம் தள்ளிவிடுவார். தன் பக்கம் சாப்பிட வேண்டும், கொடுத்துச் சாப்பிட வேண்டும், எல்லோரும் முடிக்கும் வரை பொறுக்க வேண்டும் என்ற மூன்றையும் நாம் வகுப்பறையில் படிக்கவில்லை. சஹனில் படித்தோம். இன்றைக்குக் கல்யாண வீட்டில்கூட சஹன் குறைந்து பஃபே வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் அதை எங்கே படிப்பார்கள்? மேசைக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் மேசை ஒழுக்கம் வராது. தண்ணீரில் இறக்காமல் நீந்தப் பழக்க முடியாது என்பதைப் போல.

ஹோட்டல் நடத்துபவர்களுக்கு

எந்த ஹோட்டல் என்று கேட்டு யாரும் வர வேண்டாம், சொல்ல மாட்டோம். அங்கே வேலை செய்வது நமது பிள்ளைகள். ஒரு பதிவால் அவர்களின் சம்பளம் போகக்கூடாது. அதோடு இது ஒரு ஹோட்டலின் பழக்கமும் இல்லை.

உள்ளூர்க் குடும்பம், அதிலும் சின்னப் பிள்ளைகளோடு வரும் குடும்பம் என்றால் ஓரத்து மேசை என்ற எண்ணம் உங்களில் பலரிடம் இருக்கிறது. நாங்கள் கொடுப்பதும் காசுதான். 10 வீதச் சேவைக் கட்டணம், 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி என்று சேர்ந்தால் 10,000 ரூபாய்ச் சாப்பாடு 12,000 ஐத் தாண்டிவிடும். ஆசிரியர் சம்பளத்தில் அது எத்தனை நாளைய உழைப்பு என்று உங்களுக்குத் தெரியும். 2020 இல் கொரோனா வந்து வெளிநாட்டு விமானம் நின்றபோதும், 2022 இல் நாடு பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற பிறகும், உங்கள் அறைகளுக்கு வந்து போனது யார் என்று உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள்.

நாங்கள் ஏன் எழும்பிப் போனோம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நமது ஆட்கள் பலருக்கு இது விளங்கும், வெளியே சொல்ல மாட்டார்கள்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு ஹோட்டல்களில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் குண்டு வெடித்தது. சாப்பிட உட்கார்ந்த குடும்பங்கள். பிள்ளைகளும் இருந்தார்கள். நமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் செய்த அநியாயம் அது. பிள்ளைகளோடு ஒரு ஹோட்டல் மேசையில் உட்காரும் போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் எங்கள் நினைவுக்கு வருகிறார்கள். அதற்குப் பிறகு அபாயா போட்ட ஒரு பெண் ஹோட்டலுக்குள் நுழைந்தால் விழுந்த பார்வைகளும் நினைவில் இருக்கின்றன. பையைத் திறந்து பால் போத்தலை எடுத்துக் காட்டியிருக்கிறோம். அன்றிலிருந்து வெளியிடத்தில் நாங்கள் சத்தம் குறைத்துப் பழகிவிட்டோம். பிள்ளை சத்தம் போட்டால் மற்றவர்களுக்குக் கரைச்சல் என்பது ஒரு காரணம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்பது எங்களுக்கு இன்னொரு காரணம். எழும்பு என்றால் எழும்பி விடுகிறோம். அந்தப் பயத்தை ஆறு வயது மகளுக்கும் அன்றைக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டோம். எங்கள் மீது எங்களுக்கே உள்ள கோபம் அதுதான். அடுத்த முறை மரியாதையாக ஒரு கேள்வி கேட்போம்: "புக்கிங் எத்தனை மணிக்கு? அதற்குள் நாங்கள் முடித்துவிடுவோமே." அவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும்.

ஹோட்டல்காரர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை.

இராச் சாப்பாட்டை ஏழரை மணிக்குத் திறக்கிறீர்கள். சின்னப் பிள்ளைகள் எட்டு மணிக்குத் தூங்கிவிடும். பிள்ளைகளுக்கு மட்டும் ஆறரைக்குச் சோறும் கறியும் கொடுக்க முடியாதா?

பிள்ளைகள் மெனு என்று எதைப் பார்த்தாலும் நகட்ஸ், சொசேஜ், சிப்ஸ். கடலுக்கு முன்னால் இருந்துகொண்டு உறைப்பில்லாத மீன் ஒரு துண்டு இல்லை. ஒரு சட்டி வெள்ளைச் சோறும் பருப்பும் உறைப்பில்லாமல் ஒரு பக்கத்தில் வைத்தால் என்ன செலவு?

பிள்ளைக் கதிரை நாற்பது மேசைக்கு ஒன்று போதாது. அதற்கு வார் இருக்க வேண்டும். வார் அறுந்த கதிரையில் பிள்ளையை வைப்பதைவிட மடியில் வைப்பது மேல்.

சாப்பாட்டு மேசைக்குப் பத்து அடி தூரத்தில் நீச்சல் தடாகம், நடுவில் ஒரு வேலியும் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை நழுவிப் போவதற்கு நாம் ஒரு தடவை சோறு எடுக்கத் திரும்பும் நேரம் போதும். பிள்ளை தண்ணீரில் மூழ்கும்போது சினிமாவில் வருவது போலச் சத்தம் போடுவதில்லை. சத்தமில்லாமல் போய்விடும். இதை மட்டுமாவது செய்யுங்கள்.

இனி நமக்கு, முக்கியமாக வாப்பாமாருக்கு

மற்றவர்களைத் திட்டுவது இலேசு. அன்றைக்கு அந்த ஹோட்டலில் நமது ஊர்க் குடும்பங்கள் இன்னும் நான்கு இருந்தன. எங்களையும் சேர்த்து ஐந்து மேசையிலும் பார்த்ததைச் சொல்கிறோம்.

எல்லா மேசையிலும் வாப்பா சுடச்சுடச் சாப்பிட்டார். எல்லா மேசையிலும் உம்மா பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தா. வாப்பா இரண்டாம் முறை பீங்கானை நிரப்பி வந்தபோது உம்மாவின் முதல் பீங்கான் ஆறிப்போய் இருந்தது. எங்கள் மேசையிலும் அதேதான். 12,000 ரூபாய்க்குப் போய் ஆறின சோறு சாப்பிட்டது பிள்ளைகளின் உம்மா. வீட்டிலும் அவதான் கடைசி, வெளியேயும் அவதான் கடைசி என்றால், நாம் அவவை வெளியே கூட்டிக்கொண்டு போகவில்லை, குசினியை இடம் மாற்றியிருக்கிறோம்.

மூன்று மேசையில் பிள்ளைக்கு முன்னால் போன். தண்ணீர் கிளாஸில் சாய்த்து வைத்து, கார்ட்டூன் ஓட, வாயைத் திறந்தால் ஒரு கவளம். பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று பிள்ளைக்கே தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் சொன்னது, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று. அதையெல்லாம் விடுங்கள். ஆசிரியராக நாங்கள் காண்பதைச் சொல்கிறோம். முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகளில், இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு யாராவது ஊட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டு போகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் கையால் சோறு பிசையத் தெரியாது. பிள்ளை அமைதியாக இருக்கிறது என்று நாம் போனைக் கொடுத்தோம். அது அமைதி இல்லை. மேசையில் இருந்து பிள்ளையை எழுப்பி அனுப்புவதற்கு அது இன்னொரு வழி. மேனேஜர் எங்களை எழுப்பினார் என்று கோபப்படும் நாம், நமது பிள்ளையை நாமே எழுப்பி விடுகிறோம்.

இன்னொரு மேசையில் இரண்டு ஆண் பிள்ளைகள் மேசைகளுக்கு நடுவே ஓடினார்கள். சூப் கொண்டுவந்த தம்பி இரண்டு தடவை தடுமாறினார். வாப்பா போனில் இருந்தார். இதைப் பார்த்து யாராவது கரைச்சல் என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொதிக்கும் சூப் பிள்ளையின் தலையில் கொட்டினால் ஹோட்டலைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்? எங்கள் பிள்ளைக்கு வர உரிமை இருக்கிறது என்று வாதாடும் நாம், பக்கத்து மேசைக்காரர் நிம்மதியாகச் சாப்பிடும் உரிமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீணாக்கியதைப் பற்றி எழுதவே வெட்கமாக இருக்கிறது. பஃபே என்றால் பீங்கானில் மலை. பாதி சாப்பிட்ட கோழிக் கால்கள், கடித்து வைத்த கேக், திறக்காத இறால். ஆறு நாட்களுக்கு முன்னால்தான் ஒரு பேரீச்சம்பழத்துக்காக மஃரிப் வரை காத்திருந்தோம்.

பிறகு என்ன செய்யலாம்?

நாங்கள் வீட்டுக்கு வந்து பேசி எடுத்த முடிவுகளைச் சொல்கிறோம். உங்களுக்கும் உதவினால் நல்லது.

கூட்டம் வருவதற்கு முன்னால், திறந்தவுடன் போவது. எங்கள் இளையவன் ஓர் இடத்தில் இருப்பது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தையும் சாப்பாடு வரும் வரை காத்திருப்பதில் செலவழிக்கக்கூடாது. பிள்ளையின் சாப்பாட்டை முதலில் கேட்டு எடுப்பது.

முதல் பதினைந்து நிமிடம் பிள்ளையை வாப்பா பார்ப்பது. அந்த நேரம் உம்மாவும் மூத்தம்மாவும் சூட்டோடு சாப்பிடுவது. பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே ஒரு சுற்று நடப்பதும் வாப்பாதான். வாப்பாவின் சோறு ஆறினால் ஒன்றும் ஆகிவிடாது, இவ்வளவு காலமும் மற்றவர் சாப்பிட்டது அதைத்தான்.

போன் பைக்குள். போட்டோ ஒன்று எடுக்கலாம், எடுத்தவுடன் பைக்குள். மேசையில் பிள்ளையோடு கதைப்பது. இந்த மீனின் பெயர் என்ன, யார் பிடித்தார்கள், எத்தனை தோணி தெரிகிறது என்று கேட்டால் பிள்ளை தானாகச் சாப்பிடும். கீழே கொட்டட்டும். எழும்பும்போது நாமே குனிந்து பொறுக்கிவிடுவோம். துடைக்க ஒரு துணி வீட்டிலிருந்து கொண்டுபோனால் போதும்.

பீங்கானில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. முடித்தால் இன்னொரு கரண்டி. மூத்தவளுக்கும் இதுதான் சட்டம், எங்களுக்கும் இதுதான்.

சொசேஜ், திராட்சை, றம்புட்டான் போன்றவற்றை ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுதாகக் கொடுக்க வேண்டாம். சொசேஜையும் திராட்சையையும் நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள், றம்புட்டானில் கொட்டையை எடுத்துவிடுங்கள். தொண்டையை அப்படியே அடைத்துவிடும். பஃபேயில் ஆறிப்போன சோறு, ஆறிப்போன இறால் பிள்ளைக்கு வேண்டாம். சூடாக இருப்பதை மட்டும் எடுங்கள். பையில் இரண்டு ஜீவனி பக்கற் இருக்கட்டும். போத்தல் பானத்தில் சிவப்பு வட்டம் இருந்தால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம். 2016 இலிருந்து அந்த அடையாளம் இருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை. இளநீர் கேளுங்கள், அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கும்.

காசுக்கு நட்டம் என்றவருக்கும் ஒரு வார்த்தை. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பல ஹோட்டல்களில் காசு எடுப்பதில்லை, பன்னிரண்டு வரை பாதி. முதலே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் வசதி இல்லை என்றால் ரிசோர்ட்தான் வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் ஒரு கொத்து ரொட்டியை நாலு பேர் பகிர்ந்தாலும் மேசை மேசைதான். அங்கேயும் உம்மா முதலில் சாப்பிடலாம்.

கடைசியாக, அந்தப் போட்டோவைப் பற்றி.

இளையவனின் முகத்தில் ஒட்டியிருந்த சோறு பஃபேயில் இருந்த சோறு இல்லை. நாங்கள் குசினிப் பக்க மேசைக்கு மாறிய பிறகு அவன் எதையும் சாப்பிடவில்லை. எல்லாம் உறைப்பு, அல்லது பொரியல். அழத் தொடங்கினான். அப்போது அந்த வெயிட்டர் தம்பி ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளைச் சோறும் பருப்பும் ஒரு துண்டு அவித்த கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். "ஸேர், இது எங்கட ஸ்டாஃப் சாப்பாடு. காசில்ல. மகனுக்குக் குடுங்க." அவருடைய பகல் சாப்பாட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. இளையவன் தன் கையாலேயே பிசைந்து முழுவதையும் முடித்தான். போட்டோ எடுத்தது அந்த நேரம்.

அந்தத் தம்பிக்கு எட்டாம் ஆண்டில் நாங்கள் என்ன படிப்பித்தோம் என்று இப்போது எங்களுக்கு ஞாபகம் இல்லை. நிச்சயமாக இதை நாங்கள் படிப்பிக்கவில்லை. அவருடைய வீட்டில், ஏதோ ஒரு சஹனில், தன் பக்கத்துத் துண்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடப் படித்திருக்கிறார்.

சின்னப் பிள்ளைகளோடு ஏன் போனீர்கள் என்று கேட்டீர்கள். இதைப் பார்க்கத்தான் கூட்டிக்கொண்டு போனோம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் இன்ஷா அல்லாஹ் போவோம். மூத்தம்மாவையும் கூட்டிக்கொண்டுதான். இந்த முறை கடல் பக்க மேசையை நாங்கள் முதலே புக் பண்ணிவிட்டோம்.

பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். வாப்பாமார் யாராவது இதை வாசித்தால், இன்று இரவு வீட்டில் பிள்ளைக்கு நீங்கள் ஊட்டிவிட்டு, பிள்ளைகளின் உம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு வந்து கொமன்ட் போடுங்கள்.

வஸ்ஸலாம்.